பஸ் ஸ்டீயரிங்கிலிருந்து பைலட் சீட்டுக்கு... வீட்டிலேயே விமானம் ஓட்ட எந்த ஸ்டிக் வாங்கலாம், எப்படி செட் பண்ணலாம்?

“பாப்பா, இதுல கிளட்ச் எங்க இருக்கு?”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். 29 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். அதில் பெரும்பகுதி மதுரை - கொடைக்கானல் மலைப்பாதை. ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் லேசான பக்கவாதம் வந்தது. நடை, பேச்சு எல்லாம் திரும்பிவிட்டது. வலது கையின் பிடி மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. “இப்போதைக்கு எந்த வண்டியும் ஓட்ட வேண்டாம்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். டூ வீலர் சாவியை அம்மா எடுத்து பீரோவில் வைத்த அன்றிலிருந்து அப்பாவின் பேச்சு பாதியாகக் குறைந்துபோனது.

தம்பி கல்லூரிக்காக வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் வீட்டில் சும்மாதான் இருந்தது. அதில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டு வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா காட்டினேன். மதுரை விமான நிலையம், சுற்றிலும் கண்மாய்கள், தூரத்தில் மேற்கு மலைகள். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கீபோர்டில் விமானம் ஓட்டுவது, பட்டன் அமுக்கி பஸ் திருப்புவது மாதிரி. ஒரு தட்டுக்கு ஒரே அளவுதான் திரும்பும். “இதுல கைக்கு ஒண்ணுமே தெரியலையே” என்றார் அப்பா. அப்படி ஆரம்பித்ததுதான் ஸ்டிக் வேட்டை. நடுவில் பணத்தை வீணாக்கி, கற்றுக்கொண்டு, கடைசியில் ஒரு வழியாக செட் ஆனது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமலிருக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் செலவே இல்லாமல் பாருங்கள்

ஆசை நிஜமா, ஒரு வாரத்து ஆர்வமா என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் வாங்க வேண்டாம். இன்ஃபினிட் ஃப்ளைட், எக்ஸ்-பிளேன் இரண்டுமே போனில் கிடைக்கின்றன. போனையே சாய்த்து விமானத்தைத் திருப்பலாம். கம்ப்யூட்டரில் ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம். எக்ஸ்-பிளேனுக்கு இலவச டெமோ உண்டு. பத்து நாள் கழித்தும் “இன்னிக்கு ஓட்டலாமா?” என்று வீட்டில் யாராவது கேட்டால், அப்போது கடைக்குப் போகலாம்.

ஸ்டிக்கா, யோக்கா?

வீட்டு விமானிகள் வாங்கும் கருவிகள் நான்கு. கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக். பாதி ஸ்டீயரிங் மாதிரி இருக்கும் யோக். இன்ஜின் வேகத்துக்கான த்ராட்டில். காலுக்கு ரட்டர் பெடல்.

அப்பாவுக்குப் படத்தில் பார்த்ததுமே யோக்தான் பிடித்தது. “இதான் ஸ்டீயரிங் மாதிரி இருக்கு!” யோக்கைத் திருப்பினால் விமானம் பக்கவாட்டில் சாயும். தன் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும், தள்ளினால் கீழே வரும். செஸ்னா மாதிரி சின்ன விமானங்களிலும், போயிங் விமானங்களிலும் இருப்பது இதுதான். ஆனால், விலை பெரும்பாலும் ஐந்து இலக்கம். மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும், இடமும் வேண்டும். வாங்குகிறவர்கள் எத்தனை டிகிரி சுழலும் என்று பாருங்கள். சில மாடல்கள் பக்கத்துக்கு 45 டிகிரியோடு நின்றுவிடும். ஹனிகோம்ப் ஆல்ஃபா மாதிரியான யோக் பக்கத்துக்கு 90 டிகிரி சுழலும். அதிகம் சுழன்றால் சின்னச் சின்ன திருத்தங்கள் நிதானமாக வரும்.

ஜாய்ஸ்டிக் சிறியது, விலை குறைவு, வேலை முடிந்ததும் அலமாரியில் வைத்துவிடலாம். நிறைய மாடல்களில் ஸ்டிக்கை முறுக்கினால் அதுவே ரட்டர் வேலையைச் செய்யும், தனியாக பெடல் வேண்டாம். அடியில் ஒரு குட்டி லீவர் இருக்கும், அதுதான் த்ராட்டில். ஒரே பொருளில் மூன்று வேலை. முதல் முறை வாங்குகிறவர்களுக்கு இதுவே போதும்.

“பெரிய பிளேன்ல ஸ்டிக் இருக்காதே” என்று யோசிக்க வேண்டாம். 1988-ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 முதல் இன்றைய ஏ350 வரை விமானியின் கையில் இருப்பது பக்கவாட்டில் வைத்த ஒரு சின்ன ஸ்டிக்தான். சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களில் பல, ஏ320 குடும்பத்தைச் சேர்ந்தவையே.

நான் ஏமாந்த கதை

ஆன்லைனில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்கு ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கினேன். பார்க்கப் புதுசு போல இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால், விமானம் ரன்வேயில் நிற்கும்போதே மூக்கு இடமும் வலமும் நடுங்கியது. அப்பா சொன்னார்: “டை ராடு தேஞ்ச வண்டி மாதிரி ஆடுது பாப்பா.”

ஏறக்குறைய அதேதான். விலை குறைந்த ஸ்டிக்குகள் பலவற்றில் உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதே வகை. உள்ளே ஒரு தகட்டின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். நாளாக நாளாகத் தேயும், தூசி படியும். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று கேட்குமே, அந்தக் கரகரப்புதான் இங்கே நடுக்கமாக வருகிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில நாள் தாங்கும்.

இதற்கு மாற்று, ஹால் எஃபெக்ட் சென்சார். காந்தத்தின் நகர்வை வைத்து அளவு பார்க்கும், எதுவும் எதையும் உரசாது. அதனால் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் ஸ்டிக்கில் முன்பின், பக்கவாட்டு அசைவுகளுக்கு இந்தக் காந்த சென்சார் உண்டு. ஆனால் ஒன்று: பெட்டியில் ‘ஹால்’ என்று போட்டிருந்தாலும், முறுக்குக்கும் த்ராட்டிலுக்கும் அது இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

பழைய ஸ்டிக் வாங்குவதானால் விற்பவர் வீட்டு கம்ப்யூட்டரிலேயே மாட்டிப் பாருங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘கேம் கன்ட்ரோலர்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு சோதனைப் பக்கம் வரும். அதில் ஸ்டிக்கை மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். திரையில் உள்ள கூட்டல் குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், குதிக்கக் கூடாது. கையை விட்டால் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். முறுக்கு, த்ராட்டில், எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை.

எந்தக் கைக்கு?

நடுக்கத்தைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அந்த ஸ்டிக் வலது கைக்காகவே வார்த்தது. கட்டை விரல் வைக்கும் மேடு, பட்டன்கள், வளைவு எல்லாம் வலது உள்ளங்கைக்குத்தான். கடையில் இருக்கும் பிரபலமான மாடல்கள் பலவும் இப்படித்தான். அப்பாவால் ஐந்து நிமிஷம்கூட இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் பிடித்தால் விரல் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. “வேணாம் பாப்பா, எடுத்து வை” என்று எழுந்து போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

வாங்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, யாருடைய கை இதைப் பிடிக்கப் போகிறது என்பதுதான். குழந்தையின் கையா, இடது கைப் பழக்கம் உள்ளவரா, மூட்டு வலி உள்ளவரா என்று யோசிக்காமல் விமர்சனங்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வாங்கியது இரண்டு கைக்கும் பொருந்தும் ஸ்டிக். மேலே சொன்ன டி.16000எம், அதே நிறுவனத்தின் ஏர்பஸ் சைட்ஸ்டிக் இரண்டிலும் பிடிமானத்தின் பாகங்களைக் கழற்றி இடது கைக்கும் மாற்றிப் போடலாம். அப்பாவின் வலது கையால் இறுக்கிப் பிடிக்கத்தான் முடியாது, ஒரு லீவரைத் தள்ளவும் இழுக்கவும் முடியும். ஆகவே இடது கையில் ஸ்டிக், வலது கையில் த்ராட்டில்.

“இடது கையில யாரும்மா பிளேன் ஓட்டுவா?” என்றார் சலிப்பாக.

ஏர்பஸ் காக்பிட் படத்தை போனில் காட்டினேன். கேப்டன் உட்காருவது இடது பக்க இருக்கை. அவருடைய ஸ்டிக் இடது ஓரத்தில், த்ராட்டில் நடுவில். அதாவது கேப்டன் கையால் ஓட்டும்போது இடது கையில்தான் ஸ்டிக். வலது கையால் ஓட்டுவது பக்கத்தில் இருக்கும் துணை விமானி.

அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போய் ஸ்டிக் முன்னால் உட்கார்ந்தார்.

செட் பண்ணுவது எப்படி?

மாட்டியதும் ஓட்டிவிட முடியும் என்று நினைக்காதீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. யூ.எஸ்.பி-யை கம்ப்யூட்டரிலேயே நேராக மாட்டுங்கள். மூன்று, நான்கு கருவிகள் இருந்தால், தனியாக கரன்ட் எடுக்கும் ஹப் வாங்குங்கள். நடு வானத்தில் ஸ்டிக் திடீரென்று செத்துப்போனால், மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த யூ.எஸ்.பி-யை அணைத்திருக்கலாம். அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

2. சோதனைப் பக்கத்தில் ஸ்டிக் சரியாக நகர்கிறதா என்று பாருங்கள். சில மாடல்கள் தானாகவே அளவு சரிசெய்துகொள்ளும், அவற்றில் விண்டோஸ் காலிபரேஷன் செய்ய வேண்டாம். கூட வரும் தாளில் எழுதியிருக்கும்.

3. சிமுலேட்டரில் கன்ட்ரோல் பக்கம் போய், முன்பின் அசைவு எலிவேட்டருக்கும், பக்கவாட்டு அசைவு ஏலரானுக்கும், முறுக்கு ரட்டருக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் மூக்கு கீழே போகிறது என்றால் அந்த அச்சைத் தலைகீழாக்குங்கள். த்ராட்டில் எதிர்ப்பக்கம் வேலை செய்தாலும் அதே வைத்தியம்தான்.

4. ஒரே வேலை இரண்டு கருவிக்குப் போயிருக்கிறதா என்று தேடுங்கள். கேம்பேட் ஒன்று மாட்டியிருந்து, அதற்கும் த்ராட்டில் போயிருந்தால், இரண்டும் சண்டை போட்டு இன்ஜின் ஏறி இறங்கும். புதியவர்களைப் படுத்துவது பெரும்பாலும் இதுதான்.

5. பட்டன்களைக் குறைவாகவே வையுங்கள். ஃபிளாப், பிரேக், ட்ரிம் மேல், ட்ரிம் கீழ், பார்வையை நேராக்க ஒன்று, பாஸ் ஒன்று. மேலே உள்ள குட்டிக் குமிழ் சுற்றிப் பார்க்க. முதலில் இவ்வளவே போதும். செஸ்னா 172-ல் சக்கரம் மடங்காது, அதனால் கியர் பட்டன்கூட வேண்டாம்.

6. பெடல் இல்லாதவர்கள், முறுக்கு கஷ்டமாக இருப்பவர்கள், உதவி அமைப்புகளில் ஆட்டோ ரட்டரை ஆன் செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

“அதுக்குப் பேரு ப்ளே!”

அடுத்தது சென்சிட்டிவிட்டி பக்கம். அதில் ‘டெட் ஸோன்’ என்று ஒன்று வரும். ஸ்டிக்கை எவ்வளவு அசைக்கும் வரை விமானம் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும் என்கிற அளவு. இதை அப்பாவுக்கு விளக்க நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்: “அட, ஸ்டீயரிங் ப்ளேம்மா. திருப்பினதும் சக்கரம் திரும்பாது, கொஞ்சம் சும்மா போகும்ல? அது அளவா இருக்கணும். ஜாஸ்தியானா வண்டி உன் பேச்சைக் கேக்காது.”

இதைவிட நன்றாக யாரும் விளக்கி நான் படிக்கவில்லை. நல்ல ஸ்டிக்குக்கு டெட் ஸோன் பூஜ்யத்தில் ஆரம்பியுங்கள். கையை விட்டும் விமானம் மெல்லச் சாய்ந்தால் ஒவ்வொரு சதவிகிதமாக ஏற்றுங்கள். சாய்வது நின்றதும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வளைவுக்கோடு. அதை வளைத்தால் ஸ்டிக் நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வேகமாகவும் வேலை செய்யும். குட்டை ஸ்டிக்கில் விமானம் துள்ளினால் கொஞ்சமாக வளைக்கலாம். ஆனால், முதல் சில நாள் நேர்க்கோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் கோடு அல்ல, நம் பிடிதான். அப்பா மலைப்பாதையில் ஸ்டீயரிங் பிடித்த பழக்கத்தில் ஸ்டிக்கையும் அழுத்திப் பிடித்தார். விமானம் அலை மேல் படகு மாதிரி ஏறி இறங்கியது. “ரெண்டு விரல், ஒரு கட்டை விரல் மட்டும் வச்சுப் பாருங்கப்பா” என்றேன். அடங்கிவிட்டது.

ட்ரிம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்குமல்லவா? விமானமும் வேகம் மாறும்போதெல்லாம் மூக்கைத் தூக்கும் அல்லது இறக்கும். அந்த இழுப்பைக் கையிலிருந்து எடுத்துவிடுவதுதான் ட்ரிம்.

நிஜ செஸ்னாவில், காற்றின் அழுத்தம் விமானியின் கைக்கே தெரியும். ட்ரிம் சக்கரத்தை உருட்டினால் அந்த அழுத்தம் கரையும், கையை அங்கேயே வைத்திருக்கலாம். வீட்டு ஸ்டிக்கில் இருப்பதோ ஸ்பிரிங். விமானம் எந்த வேகத்தில் போனாலும் அது நடுவுக்கே இழுக்கும். அதனால் முறை கொஞ்சம் வேறு: ஸ்டிக்கைப் பிடித்து மூக்கைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள். ட்ரிம் பட்டனை ஒரு தட்டு, இரண்டு தட்டு தட்டிக்கொண்டே ஸ்டிக்கை மெல்ல நடுவுக்கு விடுங்கள். கையை எடுத்த பிறகும் விமானம் அதே நிலையில் போனால் ட்ரிம் சரி. காற்றின் அழுத்தத்தைக் கையில் காட்டும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் கருவிகளும் உண்டு. அவை ஆசைக்கு வாங்குகிறவர்களுக்கான விலை.

கால் எங்கே, நாற்காலி எங்கே?

தரையில் விமானத்தைத் திருப்பக் கையைத் திருப்பக் கூடாது. இது அப்பாவுக்குப் பிடிபட நான்கு நாள் ஆனது. ஸ்டிக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார், விமானம் நேராகப் புல்வெளிக்குள் போகும். செஸ்னாவின் முன் சக்கரம் ரட்டர் பெடலோடு சேர்ந்தது, வலது காலை அழுத்தினால் வலது பக்கம் திரும்பும். பிரேக் அதே பெடலின் மேல்பகுதியில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் காலில் கிடையாது.

தம்பியின் நண்பனிடம் பெடல் இரவல் வாங்கி மாட்டினோம். அப்பா வலது காலை ஆக்ஸிலரேட்டர் என்று நினைத்து அழுத்த, விமானம் ரன்வேயை விட்டு இறங்கியது. பிரேக் பிடித்த வேகத்தில், அவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் இடித்தது! பெடல் வாங்குகிற எல்லோருக்கும் வரும் பிரச்னை இது. பெடலைச் சுவரோடு ஒட்டி ஒரு பலகை கொடுத்து நிறுத்துங்கள், அடியில் ரப்பர் மேட் போடுங்கள், சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். எங்கள் வீட்டில் வென்றது அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி.

ஸ்டிக்கை உயரமான மேஜையில் வைத்தால் தோள் வலிக்கும். முழங்கை மடங்கும் உயரத்தில், முன்கையைத் தாங்கி வைக்க இடம் வேண்டும். அப்பாவுக்கு இடது பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் ரப்பர் மேட், மேட்டின் மேல் ஸ்டிக். பின்னால் ஒரு சின்னத் தலையணை.

விளையாட்டா, பயிற்சியா?

1929-ல் அமெரிக்காவின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் என்கிற இளைஞர், தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளையும் பம்புகளையும் வைத்து, தரையிலேயே ஆடி அசையும் ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்களில்தான் அது ஓடியது. 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானம் ஓட்டப் போய், மோசமான வானிலையில் விமானிகள் பலரை இழந்தது. அதன் பிறகுதான் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பயிற்சி எடுத்திருந்தார்கள்.

அதற்காக, வீட்டு சிமுலேட்டரில் ஓட்டினால் பைலட் ஆகிவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டில் ஓட்டிய நேரம் அதில் சேராது. மீட்டர்களைப் படிக்க, வரிசையாக வேலைகளைச் செய்ய, வரைபடம் பார்க்கப் பழகலாம், அவ்வளவுதான். அதேபோல, இது பிசியோதெரபிக்கு மாற்றும் இல்லை. அப்பா தினமும் காலையில் பந்து அமுக்கும் பயிற்சியைச் செய்த பிறகுதான் கம்ப்யூட்டர் ஆன் ஆகும். அம்மாவின் சட்டம் அது.

வாங்கும் முன் ஒரு நிமிஷம்

* பிடிக்கப்போவது யாருடைய கை? இடதா, வலதா, சின்னதா?
* கம்ப்யூட்டருக்கா, எக்ஸ்பாக்ஸுக்கா? எக்ஸ்பாக்ஸ் என்றால் பெட்டியின் மேலேயே அந்தப் பெயர் இருக்க வேண்டும். பல ஸ்டிக்குகள் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்.
* முறுக்கு, த்ராட்டில், தலைக் குமிழ் மூன்றும் இருக்கிறதா?
* வாரன்டி இந்தியாவில் செல்லுமா?
* முதலில் ஸ்டிக், பிறகு பெடல், கடைசியில் தனி த்ராட்டில் அல்லது யோக். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா முதன்முதலாகத் தானே மதுரையிலிருந்து கிளம்பினார். செஸ்னா 172, 55 நாட்டில் ஸ்டிக்கை லேசாக இழுத்தார், சக்கரம் தரையை விட்டது. கொடைக்கானல் 7,000 அடி உயரத்தில் இருப்பதால், மலை வருவதற்கு முன்பே 9,000 அடிக்கு ஏறிவிட வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டர்தான். “பஸ்ல நாலு மணி நேரம்டா” என்றார் தம்பியிடம்.

மலை ஏறும் இடத்தில் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. காட் ரோடு. அப்பா த்ராட்டிலை வலது கையால் மெதுவாகக் குறைத்தார். விமானத்தை இடது பக்கம் சாய்த்து அந்தக் கோட்டோடு கூடவே போனார். இந்த வளைவில் லாரி நின்றால் ரிவர்ஸ்தான், இந்த வளைவில் மழைக்காலத்தில் மண் சரியும், இங்கே ஒரு டீக்கடை இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள். சாவியை பீரோவில் வைத்ததற்குப் பிறகு, அப்பா இவ்வளவு பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது விமானம் மூன்று முறை குதித்து, ரன்வே ஓரத்தில் போய் நின்றது. பயணிகள் இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பார்கள். அப்பா ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்து முக்காலியை ஆட்டிப் பார்த்தார்.

“இந்தக் கால் ஆடுது பாப்பா. அடுத்த வாரம் வரும்போது நல்லதா ஒரு முக்காலி வாங்கிட்டு வா.”